குடிநீரில் குரோமியம்: எந்தச் சோதனையைக் கேட்பது, முடிவை எப்படிப் படிப்பது, பிறகு என்ன செய்வது

ஊராட்சியிலோ நகராட்சியிலோ குடிநீர்ச் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், கலங்கல், கரைந்துள்ள மொத்த உப்பு, கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு என்று வரிசையாக எண்கள் இருக்கும். கீழே ‘குடிக்க உகந்தது’ என்று ஒரு வரியும் முத்திரையும் இருக்கும். அந்த வரி பொய்யல்ல, ஆனால் மேலே பட்டியலிட்ட பொருள்களுக்கு மட்டுமே அது பொருந்தும். குரோமியம் என்ற உலோகம் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. தனியாகப் பெயர் சொல்லிக் கேட்டாலொழிய யாரும் அதைச் சோதிக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குவதே நல்லது. தோல் பதனிடும் ஆலைகள், குரோம் முலாம் பூசும் பட்டறைகள், பழைய இரசாயனக் கழிவுக் குவியல்கள் ஆகியவற்றுக்கு அருகில் வாழ்ந்து, தங்கள் ஊரின் பொதுக் குடிநீரில் குரோமியம் கலந்திருக்கிறதா என்று அறிய விரும்புவோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

இராணிப்பேட்டையை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. அங்குள்ள சிப்காட் வளாகத்தில் 1970களின் நடுவில் தொடங்கி ஏறத்தாழ 20 ஆண்டுகள் இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற தொழிற்சாலை, குரோமைட் தாதுவிலிருந்து சோடியம் பைகுரோமேட்டையும் தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் சல்பேட்டையும் தயாரித்தது. 1990களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. தாதுவை வறுத்து எடுத்தபின் மிஞ்சிய கழிவு, ஒன்றரை இலட்சம் டன்னுக்கு மேல், வளாகத்திலேயே திறந்தவெளியில் குவிந்து கிடந்தது. மழைநீர் அந்தக் குவியலின் ஊடாக இறங்கி, மஞ்சள் நிறச் சாறாகக் கசிந்து, நிலத்தடி நீரில் சேர்ந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் வெளியிட்ட, உலகின் மிக மாசுபட்ட 10 இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டையின் பெயரும் இருந்தது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1996 ஆகஸ்டு 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதைக் குறிப்பிட்ட அந்தத் தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பீடும் சீரமைப்புச் செலவும் ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதியாக்கியது. பாலாற்றுப் படுகையில் வாழ்பவர் குடிநீர் குறித்து மனு எழுதும்போது இந்தத் தீர்ப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிடலாம், குறிப்பிடவும் வேண்டும்.

எந்தக் குரோமியம்

சோதனைக்குப் போவதற்கு முன் ஒரே ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீரில் குரோமியம் குரோமியம்-3, குரோமியம்-6 என்ற இரண்டு வடிவங்களில் இருக்கும். தோல் ஆலையில் பதனிட்டு எடுக்கும் ஈரத்தோல் வெளிர்நீலமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொழிலில் அதை ‘வெட் ப்ளூ’ என்பார்கள். அந்த நீலத்தைத் தருவது குரோமியம்-3. அமிலமோ காரமோ மிகாத சாதாரணத் தண்ணீரில் அது பெரிதும் கரைவதில்லை. படிந்துவிடும், மண்ணில் ஒட்டிக்கொள்ளும். குரோமியம்-6 அப்படியல்ல. குரோமேட் என்ற எதிர்மின்னேற்றம் கொண்ட வடிவில் அது கரைந்திருப்பதால், தானும் எதிர்மின்னேற்றம் கொண்ட களிமண் அதைப் பிடித்து நிறுத்துவதில்லை. நிலத்தடி நீர் போகும் திசையில் அதுவும் போகும். கழிவுக் குவியலுக்கு வெகு தொலைவில் இருக்கும் கிணற்றிலும் அது தென்படுவதற்குக் காரணம் இதுதான்.

புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை, குரோமியம்-6ஐ மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. அதற்கான வலுவான சான்றுகள், தொழிற்சாலைகளில் குரோமேட் தூசியைச் சுவாசித்த தொழிலாளரின் நுரையீரல் புற்றுநோயிலிருந்து வந்தவை. குடிநீர் வழியாக உடலில் சேர்வதைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2008இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது: குரோமியம்-6 உப்பான சோடியம் பைகுரோமேட் கலந்த நீரைத் தொடர்ந்து குடித்த எலிகளுக்கு வாயிலும், சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் கட்டிகள் உண்டாயின. குடித்த குரோமியம்-6இன் ஒரு பகுதியை நம் இரைப்பை குரோமியம்-3ஆக மாற்றிவிடும் என்பது உண்மை. அதை நம்பி மாசுபட்ட நீரைத் தொடர்ந்து குடிப்பது சரியல்ல.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 (2012ஆம் ஆண்டுப் பதிப்பு), மொத்தக் குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்திருக்கிறது. சில பொருள்களுக்கு, ‘வேறு நீராதாரம் இல்லாதபோது’ என்று கூடுதல் அளவு ஒன்றை அந்தத் தரம் அனுமதிக்கும்; குரோமியத்துக்கு அந்தத் தளர்வு கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் இதுவே. கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் குரோமியம்-6க்கு மட்டும் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்று இதைவிடக் கடுமையான வரம்பைக் கொண்டுவந்தது. 0.05 என்பது எவ்வளவு சிறிய அளவு என்பதற்கு ஒரு கணக்கு: ஒரே ஒரு கிராம் குரோமியம் 20,000 லிட்டர் தண்ணீரை இந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். அந்த அளவில் தண்ணீருக்கு நிறமோ மணமோ சுவையோ இருக்காது. மஞ்சள் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் வரம்பைப் பல மடங்கு தாண்டிவிட்டது என்று பொருள். ஆகவே ‘தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது’ என்ற பதிலை யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

மாதிரி எடுப்பதற்கு முன்

உங்கள் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் சோதனைக்குக் கொடுத்தால் பணம்தான் வீணாகும். ஒரே மேல்நிலைத் தொட்டியில் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீரும் உள்ளூர் ஆழ்துளைக் கிணற்று நீரும் கலக்கப்படும் ஊர்கள் உண்டு. திங்களன்று வரும் தண்ணீரும் வியாழனன்று வரும் தண்ணீரும் வேறு வேறாக இருக்கலாம். ஊரில் மோட்டார் போட்டுத் தண்ணீர் திறந்துவிடும் பணியாளரிடம் மரியாதையாகக் கேட்டால், எந்தப் போர் எந்தத் தொட்டிக்குப் போகிறது, எது கோடையில் வற்றும், எப்போது எதைக் கலக்கிறார்கள் என்பதையெல்லாம் அலுவலகக் கோப்பைவிடத் தெளிவாகச் சொல்வார். அதை ஒரு தாளில் படமாக வரைந்துகொள்ளுங்கள். ஆலை, கழிவுநீர் ஓடை, பொதுச் சுத்திகரிப்பு நிலையம், பழைய கழிவுக் கிடங்கு ஆகியவை எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதையும் அதில் குறியுங்கள்.

குறைந்தது மூன்று இடங்களில் மாதிரி எடுக்க வேண்டும்: நீர் எடுக்கும் ஆழ்துளைக் கிணறு, மேல்நிலைத் தொட்டியின் வெளிக்குழாய், தெருக்குழாய் அல்லது வீட்டுக் குழாய். கிணற்றில் அதிகமாகவும் தெருக்குழாயில் குறைவாகவும் இருந்தால் கலப்பு நீர்தான் அளவைக் குறைத்துக் காட்டுகிறது என்று தெரியும். கலப்பு நிற்கும் கோடையில் என்ன ஆகும் என்ற கேள்வியும் அங்கேயே எழும். ஆண்டுக்கு ஒரு முறை போதாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, மழை முடிந்து டிசம்பர் கடைசியிலோ சனவரியிலோ மறுமுறை எடுங்கள். மழை சில கிணறுகளில் மாசை நீர்க்கச் செய்யும். கழிவுக் குவியலை ஒட்டிய கிணறுகளில் புதிதாகக் கரைத்துக் கொண்டுவந்து சேர்க்கும்.

ஆய்வகத்தில் இரண்டு சோதனைகளைக் கேட்க வேண்டும்: மொத்தக் குரோமியம், குரோமியம்-6. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தை முதலில் அணுகுங்கள். அங்கு இந்தச் சோதனை செய்யப்படுமா, அல்லது தலைமை ஆய்வகத்துக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். தனியார் ஆய்வகம் என்றால், ஆய்வகங்களின் தரத்தைச் சான்றளிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. அந்த அங்கீகாரம் குடிநீரில் குரோமியம் என்ற சோதனைக்கு உண்டா என்றும், அவர்களால் கண்டறிய முடிந்த மிகக் குறைந்த அளவு என்ன என்றும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வியின் முக்கியத்துவம் அறிக்கை கைக்கு வரும்போது புரியும்.

மாதிரி எடுக்கும் முறை

புட்டிகளை ஆய்வகத்திலிருந்தே வாங்குங்கள். பழைய குளிர்பானப் புட்டியோ எவர்சில்வர் பாத்திரமோ கூடாது. எவர்சில்வரிலேயே குரோமியம் இருக்கிறது. ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பிளாஸ்டிக் புட்டிகள் வேண்டும். மொத்தக் குரோமியத்துக்கான புட்டியில் ஆய்வகத்தினர் சில துளி நைட்ரிக் அமிலம் விட்டுத் தருவார்கள். அதை அலசக் கூடாது, கை படக் கூடாது, பொங்கி வழிய நிரப்பவும் கூடாது. குரோமியம்-6க்கான புட்டியில் அமிலம் அறவே இருக்கக் கூடாது, ஏனெனில் அமிலத்தில் குரோமியம்-6 தானாகவே குரோமியம்-3ஆக மாறத் தொடங்கிவிடும்; உள்ள மாசு இல்லாததுபோல் அறிக்கை வரும். இரண்டு புட்டிகளும் மாறிப்போகாமல் இருக்க, வீட்டிலிருந்து கிளம்பும்போதே அழியாத மையால் எழுதிவிடுங்கள்.

குழாயின் வாயில் வலை இருந்தால் கழற்றிவிட்டு, ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். குரோம் பூசிய குழாயில் இரவெல்லாம் தேங்கிய தண்ணீரை எடுத்தால், குழாயின் குரோமியத்தை ஊரின் குரோமியமாகக் காட்டிவிட்டதாக அதிகாரிகள் சொல்வார்கள். அந்த வாதத்துக்கு இடம் தர வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரைக் கால் மணி நேரமாவது ஓட்டியபின் எடுக்க வேண்டும். மூடியை உட்புறம் மேலாகத் தரையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, புட்டியின் கழுத்து வரை நிரப்பி, இறுக மூடி, பனிக்கட்டி போட்ட பெட்டியில் வையுங்கள். குரோமியம்-6 மாதிரியைத் தனிப் பாதுகாப்புக் கரைசல் சேர்க்காவிட்டால் 24 மணி நேரத்துக்குள் சோதித்தாக வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை மாலையிலும் விடுமுறைக்கு முந்தைய நாளிலும் மாதிரி எடுக்காதீர்கள்.

எடுக்கும்போது குழாய், புட்டி, சீட்டு மூன்றும் தெரியும்படி கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வார்டு உறுப்பினரையோ ஊராட்சிச் செயலரையோ உடன் வைத்து, இடம், நாள், நேரம் எழுதிய தாளில் அவர் கையொப்பத்தையும் பெறுங்கள். பின்னாளில் அறிக்கையின் எண்ணை யாரும் மறுப்பதில்லை. மாதிரி எங்கே எடுத்தது என்பதைத்தான் மறுப்பார்கள்.

கடைகளில் கிடைக்கும் துளிச் சோதனைப் பெட்டி முதல்கட்டத் தேடலுக்கு உதவும். அதில் இருப்பது டைபினைல்கார்பசைடு என்ற வேதிப்பொருள். அமிலம் சேர்த்த மாதிரியில் அதை விட்டு ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுத்தால், குரோமியம்-6 உள்ள நீர் இளஞ்சிவப்பிலிருந்து கத்தரிப்பூ நிறம் வரை மாறும். வெள்ளைத் தாளின் மேல் சோதனைக் குழாயை வைத்து மேலிருந்து கீழாகப் பார்த்தால் மிக மெல்லிய நிறமும் தெரியும். ஆய்வகத்திலும் இதே வினைதான். அங்கு நிறத்தின் அடர்த்தியைக் கண்ணுக்குப் பதிலாகக் கருவி அளக்கும். ஊரில் 20 கிணறுகள் இருந்தால், எந்த நான்கை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று முடிவெடுக்க இந்தப் பெட்டி போதும். ஆனால் கலங்கலும் இரும்பும் மிகுந்த நீரில் நிறம் ஏமாற்றும்; பெட்டி காட்டும் நிறத்தை வைத்து மனு எழுத முடியாது.

அறிக்கையைப் படிப்பது

முதலில் அலகைப் பாருங்கள். லிட்டருக்கு மில்லிகிராம் என்றால் வரம்பு 0.05, மைக்ரோகிராம் என்றால் 50. அடுத்து, எண்ணுக்குப் பதிலாக ‘பி.டி.எல்.’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ‘கண்டறியும் அளவுக்குக் கீழே’ என்று அதற்குப் பொருள். ‘இல்லை’ என்று பொருளல்ல. அந்த ஆய்வகத்தால் கண்டறிய முடிந்த மிகக் குறைந்த அளவே 0.1 மில்லிகிராம் என்றால், வரம்பைப்போல் ஒன்றரை மடங்கு குரோமியம் உள்ள நீருக்கும் இதே மூன்றெழுத்துகள்தான் கிடைக்கும். கண்டறியும் அளவு அச்சிடப்படாத அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து, அதை எழுதித் தரச் சொல்லுங்கள். 0.005 மில்லிகிராம் வரையாவது கண்டறியும் ஆய்வகமே இந்த வேலைக்கு ஏற்றது.

மொத்தக் குரோமியமும் குரோமியம்-6உம் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தால், கரைந்து பயணிக்கும் குரோமேட் கழிவு உங்கள் நீராதாரத்தை எட்டிவிட்டது. மொத்தம் அதிகமாகவும் குரோமியம்-6 மிகக் குறைவாகவும் இருந்தால், மண்துகளுடன் வந்த குரோமியம்-3ஆக இருக்கலாம். வடிகட்டிய மாதிரியை மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். ஆனாலும் அதைத் தீங்கற்றது என்று தள்ளிவிட வேண்டாம். கிருமிநீக்கத்துக்காகக் கலக்கும் குளோரின், குரோமியம்-3ஐ மெல்ல மெல்லக் குரோமியம்-6ஆக மாற்றக்கூடியது. இந்திய வரம்பு மொத்தக் குரோமியத்துக்கு வைக்கப்பட்டதில் நியாயம் இருக்கிறது. குரோமியம்-6 மொத்தத்தைவிட மிக அதிகம் என்று அறிக்கை சொன்னால், ஏதோ ஒரு சோதனை பிழை. இரண்டையும் திரும்பச் செய்ய வேண்டும்.

வரம்பைத் தாண்டியிருந்தால் வீட்டில்

அந்த நீரைக் குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்துங்கள். குழந்தைக்குப் பால்மாவு கரைப்பதை முதலில் நிறுத்துங்கள். வரம்பைச் சற்றே தாண்டிய நீரில் குளிப்பதும் துவைப்பதும் பெரிய ஆபத்தல்ல. மஞ்சளாகத் தெரியும் நீர் தோலில் படவே கூடாது.

காய்ச்சுவது உதவாது. ஆவியாவது தண்ணீர்தான், குரோமியம் அல்ல; சுண்டக் காய்ச்சக் காய்ச்ச அதன் செறிவு கூடும். படிகாரமும் தேற்றாங்கொட்டையும் கலங்கலைத் தெளியவைக்கும்; கரைந்திருக்கும் குரோமேட்டை ஒன்றும் செய்யாது. மெழுகுவத்தி வடிவ வடிகட்டியும் புற ஊதாக் கருவியும் அப்படியே. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் ஆர்.ஓ. கருவி இரண்டு வகைக் குரோமியத்தையும் நீக்கும், ஆனால் எவ்வளவு இருந்தாலும் நீக்கிவிடும் என்று எண்ணக் கூடாது. கருவி 95 விழுக்காட்டை நீக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மூல நீரில் 0.4 மில்லிகிராம் இருந்தால் வெளியே வருவது 0.02, அது வரம்புக்குள். மூல நீரில் 2 மில்லிகிராம் இருந்தால் வெளிவருவது 0.1, அது வரம்பைப்போல் இரண்டு மடங்கு. எனவே மூல நீரையும் கருவியிலிருந்து வரும் நீரையும் தனித்தனியே சோதித்தே அதை நம்ப வேண்டும். கருவி விற்பவர் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். குரோமியத்தின் இந்த நுண்ணிய அளவு அதில் தெரியவே தெரியாது. ஆர்.ஓ. கழித்து வெளியேற்றும் நீரில் குரோமியம் மூல நீரைவிடச் செறிவாக இருக்கும். அதைக் கிணற்றோரமோ கீரைப் பாத்திக்கோ விடக் கூடாது.

இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. வீட்டுக்கு வீடு கருவி வாங்குவது தற்காலிக ஏற்பாடாக இருக்கலாமே தவிர, பொதுக் குடிநீர்ப் பிரச்சினைக்குத் தீர்வாக அதை ஏற்கக் கூடாது. கருவி வாங்க முடிந்தவர் வாங்கியபின் கேட்பதை நிறுத்திவிடுகிறார். வாங்க முடியாதவர் அதே தெருக்குழாயில் குடம் வைக்கிறார்.

மனு

ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். நீராதாரத்தின் பெயர், மாதிரி எடுத்த நாள், அறிக்கையில் உள்ள எண், ஐ.எஸ். 10500 வரம்பு, கேட்கும் நடவடிக்கை ஆகிய ஐந்தும் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். நடவடிக்கையைத் தனித்தனியாகக் கேளுங்கள்: அந்தக் கிணற்றை உடனே குடிநீர் இணைப்பிலிருந்து துண்டிப்பது, லாரியிலோ கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலோ மாற்று நீர் வழங்குவது, குடிநீர் வடிகால் வாரியமே மாதிரி எடுத்து மறுசோதனை செய்வது, மாசின் மூலத்தைக் கண்டறிவது. முதல் மூன்றும் உள்ளாட்சிக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் உரியவை. நான்காவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு உரியது. நான்கையும் ஒரே மனுவில் ஒருவருக்கே அனுப்பினால், அவர் மற்றவருக்கு அனுப்பிவிட்டதாகப் பதில் வரும். இரண்டு மனுக்களாக எழுதி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் நேரில் கொடுத்து, பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊராட்சியாக இருந்தால் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். மார்ச் 22, உலக தண்ணீர் நாளன்று நடக்கும் கிராம சபை இதற்குப் பொருத்தமானது. எண்ணோடு தீர்மானம் பதிவேட்டில் ஏற வேண்டும். பழைய சோதனை முடிவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ‘எங்கள் ஊர் நீராதாரங்களில் கடந்த ஐந்து ஆண்டுகளில் குரோமியம் சோதிக்கப்பட்டதா, எந்த நாளில், முடிவு என்ன’ என்று கேளுங்கள். ‘சோதிக்கப்படவில்லை’ என்ற பதிலும் பயனுள்ள ஆவணம்தான்.

எதுவும் நடக்காவிட்டால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. அங்கு கால வரம்பு உண்டு: பொதுவான சுற்றுச்சூழல் தகராறுகளுக்கு ஆறு மாதம், இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் ஐந்து ஆண்டு. முதல் அறிக்கை கைக்கு வந்த நாளிலேயே ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டால் இந்தக் கெடு தவறிப்போகாது.

மாற்று நீராதாரம் கிடைக்காத ஊரில் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பதாக உள்ளாட்சி சொல்லக்கூடும். நடைமுறையில் உள்ள வழிகள் மூன்று: பெரிய அளவிலான ஆர்.ஓ., குரோமேட்டைப் பிடித்து நிறுத்தும் எதிர்மின் அயனிப் பரிமாற்றப் பிசின், இரும்பு சல்பேட் சேர்த்துக் குரோமியம்-6ஐ குரோமியம்-3ஆக்கிப் படியவைத்து வடிகட்டுவது. மூன்றாவது முறையில் வடிகட்டுவது அரைகுறையாக இருந்தால், அதன்பின் சேர்க்கும் குளோரின் மிஞ்சிய குரோமியம்-3ஐ மறுபடி குரோமியம்-6ஆக்கிவிடும். ஆகவே நிலையத்தின் வாசலில் எடுத்த மாதிரியோடு நிற்காமல், குளோரின் கலந்து குழாயில் ஓடிய நீரைத் தெருவின் கடைசி வீட்டில் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மூன்று முறைகளிலும் நீக்கிய குரோமியம் சேறாகவோ செறிந்த கழிவுநீராகவோ மிஞ்சும். அது எங்கே கொண்டுபோகப்படும், அபாயகரமான கழிவுகளுக்கான அங்கீகரிக்கப்பட்ட கிடங்குக்குத்தானா, எடுத்துச் செல்லும் பொறுப்பு யாருடையது என்பதை ஒப்பந்தம் போடும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.